சில்லறை விழுந்த கடல்

அத்தியாயம் 14

கடலின் விலை லிட்டருக்கு நாலு ரூபாய்.

வேதாரண்யத்தில் அது சும்மா கிடக்கிறது. காலை நனைக்கிறது, புயல் நாளில் கூப்பிடாமலே வீட்டுக்குள் வருகிறது. அதையே கேனில் பிடித்து, மினி லாரியில் ஏற்றி, டிரைவருக்கு வழியில் டீயும் ஒரு செட் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்து, பூதலூர் ரயிலடித் தெருவில் இறக்குவதற்குள் லிட்டருக்கு நாலு ரூபாய் அடக்கமாகிவிடுகிறது. கணக்கைப் போட்டவர் நெல் கமிஷன் மண்டி நடராசன். கடலுக்கு அடக்க விலை கண்டவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

"ஊரான் வீட்டு மருமக பொறந்த வீட்டுலேர்ந்து அண்டா குண்டா கொண்டாருவா. நம்ம வீட்டு மருமக கடலையே கொண்டாருது" என்பார் மண்டியில். மூட்டை தைப்பவர் வரைக்கும் சிரிப்பார்கள். அதே வசனத்தை வீட்டில் சொல்லும்போது ஒருவரும் சிரிப்பதில்லை, அவர் உட்பட.

மருமகள் கவிப்ரியா வேதாரண்யத்துக்காரி. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவள். புருஷன் சதீஷ் சிங்கப்பூரில் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்சாதனம் பொருத்துகிற வேலையில் இருக்கிறான். அவன் அனுப்பிய பணத்தில் அவள் நகை வாங்கவில்லை. வாசல் அறையில் நானூறு லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்தாள். உள்ளே கடல் தண்ணீர், கல், மணல், கடல் சாமந்தி என்னும், பூப்போல விரியும் பிராணி ஒன்று, அந்தச் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தும் ஒரு ஜோடி கோமாளி மீன். இதைப் பார்த்து நாலு பேர் தங்கள் கடையிலும் வீட்டிலும் இப்படி ஒன்று வைத்துத் தரச் சொல்வார்கள், அதுவே தொழிலாகும் என்பது அவள் திட்டம். எட்டு மாதம் ஆகிறது. பார்த்தவர்கள் ஊர் முழுக்க. கேட்டவர்கள் ஒருவரும் இல்லை.

போன வாரம் நடராசன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். வாசல் அறையை ஒரு வங்கியின் ஏ.டி.எம்.முக்கு வாடகை பேசியிருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் ஓர் ஆர்டராவது வந்தால் தொட்டி இருக்கும். வராவிட்டால் தொட்டி போகும், பெட்டி வரும்.

ஆர்டர் என்று நம்பக்கூடிய ஆள் ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார்: தாராசுரம் பக்கம் புதிதாக ஹோட்டல் கட்டும் காதர் மைதீன். வரவேற்பு ஹாலில் கடல் தொட்டி வைக்க அவருக்கு ஆசை. ஆசைக்கு மேல் சந்தேகம்.

"நம்ம ஊரு வெயில்ல கடல் மீன் நிக்குமா? நல்ல நாளாப் பாத்துக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. அக்கினி நட்சத்திரத்துல, உச்சி வெயில்ல நானே வருவேன். தண்ணி இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழ இருந்தா பேசுவோம். மேல இருந்தா ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போயிருவேன்" என்று போனில் சொல்லியிருந்தார்.

அவர் குறித்த நாள் இன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை பூதலூரில் மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்ததும் இன்றைக்குத்தான்.

*

கவிப்ரியா ஐஸ் டிப்போவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, மாமனார் வாசல் அறையின் நிலையை டேப் வைத்து அளந்து கொண்டிருந்தார்.

"என்ன மாமா அளக்குறீங்க?"

"ஏ.டி.எம். பெட்டி உள்ள நுழையுமான்னு பாக்குறேன்."

"நுழையுதா?"

"ரெண்டு விரக்கட இடிக்குது."

"அப்ப அந்த நிலையே மீனு பக்கம்தான்னு சொல்லுங்க."

"நிலையைப் பேத்துக்கலாம்மா. அதுக்கு ஆள் இருக்கு." டேப் சர்ரென்று சுருண்டு அவர் கைக்குள் போனது. "உன் பெட்டிக்கு நான் கரண்டு பில்லு கட்டுறேன். அந்தப் பெட்டிக்கு அவன் எனக்கு வாடகை கட்டுவான். இதுல எது வியாபாரம், நீயே சொல்லு."

"ஏ.டி.எம்.முக்கு வர்றவன் காசை எடுத்துட்டுப் போவான் மாமா. என் தொட்டிக்கு வர்றவன் காசைக் குடுத்துட்டுப் போவான்."

"எட்டு மாசமா யாரு குடுத்தா?"

கரண்டு போன பிறகு பாட்டில்கள் உருகாமல் இருக்க வாங்கி வந்த ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

கடல் மீனுக்கு இருபத்தாறு டிகிரி இருந்தால் சந்தோஷம். இருபத்தெட்டைத் தாண்டினால் முகத்தைத் திருப்பும்; முப்பதைத் தாண்டினால் வயிற்றைத் திருப்பிவிடும். பூதலூரில் அக்கினி நட்சத்திரத்தில் மனிதனே முப்பத்தொன்பதில் நடமாடுகிறான். இதைச் சமாளிக்க உலகத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. தொட்டித் தண்ணீரை ஒரு பக்கம் இழுத்து, குளிர வைத்து, மறுபக்கம் விடும். அதை வாங்கக் கையில் பணமில்லை. ஆகவே கவிப்ரியாவிடம் இருந்தது ஒரு மேஜை மின்விசிறி, ஈரம் செய்து ஜன்னலில் கட்டிய வெட்டிவேர்த் தட்டி, தண்ணீர் ஊற்றி உறைய வைத்த பழைய குளிர்பானப் பாட்டில்கள்.

விசிறி தண்ணீரின் மேல்பரப்பில் வீசும். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். கூடப் போகாதது உப்பு. அது உள்ளேயே உட்கார்ந்து கொள்ளும். அதனால் குறைந்த தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்; கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பின் மேல் உப்பு ஏறி மீன் சாவதற்கு முன்பே கருவாடாகிவிடும். விசிறியால் முடியாத வேளையில், உறைந்த பாட்டிலை மூடியோடு அப்படியே தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். உருகியதும் அடுத்தது. உருகியது மறுபடி ஃபிரிட்ஜுக்கு.

அந்த ஃபிரிட்ஜ் தர்மாம்பாளுடையது. மாமியாரும் மருமகளும் இந்த எட்டு மாதத்தில் போட்ட சண்டையெல்லாம் அந்த ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து மூடுவதற்குள் அடங்கும். பாட்டில்கள் உள்ளே போனால் இட்லி மாவு வெளியே வரும். வெளியே வந்த மாவு மே மாதத்தில் மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்து, பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கும்.

இன்று தர்மாம்பாள் தானாகவே மாவை எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

"அத்தை, மாவு?"

"அது கெடக்கு. புளிச்சா ஊத்தப்பம். நீ பாட்டிலை வை."

கவிப்ரியா மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள். குளித்து, நெற்றியில் விபூதியும் குங்குமமும் பளிச்சென்று இருக்க, முந்தானையைச் செருகிக்கொண்டு, ஏதோ பரீட்சையில் பாஸான ரிசல்ட்டை மடியில் வைத்திருப்பவள் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தை, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒரு மாதிரியும் இல்ல. பாய் வரட்டும். பாக்கட்டும். எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"நடக்கணும்னுதான் நானும்..."

"நடக்கும்ங்கறேன்ல. நான் பாத்துக்கிட்டேன்."

"என்ன பாத்துக்கிட்டீங்க?"

"போ, போய் வேலையைப் பாரு. வந்துட்டா கேள்வி கேக்க."

ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. பக்கத்து மாவு மில்லின் சத்தம் நின்று, தெருவே பெருமூச்சு விட்டது. இன்வெர்ட்டர் 'டிக்' என்று பொறுப்பேற்றுக் கொண்டது. தொட்டியின் பம்பும் விசிறியும் மட்டும் அதில் ஓடலாம். தொட்டி விளக்கை அணைத்தாள். வெட்டிவேரை நனைத்தாள். பாட்டிலை இறக்கினாள். பத்து மணிக்கு இருபத்தாறரை. பதினொன்றுக்கு இருபத்தேழு.

சூடு கட்டுக்குள் இருந்தது. ஆனால் சாமந்தி சரியாக இல்லை. காலையில் விரித்து வைத்த குடை போல இருந்தது, இப்போது மழை விட்ட குடை போலப் பாதி மடங்கியிருந்தது. பெண் கோமாளி மீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, மூக்கால் குத்தி எழுப்பிப் பார்த்தது.

வெக்கைதான் காரணம் என்று நினைத்து இன்னொரு பாட்டிலை இறக்கினாள் கவிப்ரியா.

*

காதர் மைதீன் சொன்ன சொல் தவறாமல் உச்சி வெயிலில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சின்னத் தோல் பை. நடராசன் முகப்பு நாற்காலியிலிருந்து எழுந்து வரவேற்றார்.

"வாங்க பாய். வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல மோரு குடிங்க."

"மோரு அப்புறம் அண்ணே. மோரைக் குடிச்சிட்டா மனசு எளகிரும். முதல்ல தண்ணிய பாக்குறேன்."

"கரண்டு இல்ல, தெரியும்ல?"

"தெரிஞ்சுதானே வந்தேன்!" என்று சிரித்தார் காதர் மைதீன்.

உள்ளே வந்தவர் தொட்டியின் முன் நின்றார். வெளிவெளிச்சத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக மீன்கள் திரும்பின. அவர் முகத்தில் ஒரு நொடி ஏழு வயசு வந்து போனது. உடனே வியாபாரி திரும்பி வந்துவிட்டார்.

"டிகிரி எவ்ளோம்மா?"

"இருபத்தேழு புள்ளி நாலு, பாய். இதோ பாருங்க." கண்ணாடியில் ஒட்டியிருந்த மீட்டரைக் காட்டினாள்.

"அது உங்க மீட்டரு." அவர் தோல் பையைத் திறந்து, உறையிலிருந்து ஒன்றை உருவினார். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். "இது என் மீட்டரு."

சட்டைக் கையை மடித்து, தெர்மாமீட்டரின் நுனியைத் தண்ணீரில் விட்டு, நாடி பார்க்கும் வைத்தியர் போலக் கண்ணை மூடி நின்றார் காதர் மைதீன். அது கீச் கீச்சென்றது. எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, லோ-ன்னு போட்டிருக்கு?"

"அப்படின்னா மீனுக்குக் காய்ச்சல் இல்லன்னு அர்த்தம், பாய்."

நடராசனுக்கு வந்த சிரிப்பை அவர் இருமலாக மாற்றிக்கொண்டார். காதர் மைதீன் மாற்றிக்கொள்ளவில்லை, வாய்விட்டே சிரித்தார். "சரி, உங்க மீட்டரையே ஒத்துக்கிறேன். சூடு பாஸு."

சமையலறை வாசலில் நின்ற தர்மாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காதர் மைதீன் குனிந்து, கண்ணாடியில் மூக்கு படும்படி தொட்டியின் பின்மூலையைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க பாய்."

"இது கடலா, கோயில் குளமா?"

"ஏன் பாய்?"

"உள்ள காசு கெடக்குதே!"

கவிப்ரியா எட்டிப் பார்த்தாள். கல்லுக்குப் பின்னால், மணல் மேல், மஞ்சளாக ஒன்று மின்னியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் ஒரு குவியல். ஐந்து ரூபாய்க் காசுகள்.

"யாரு போட்டது இது?" அவள் குரல் கூரையில் போய் இடித்தது.

சமையலறை வாசலில் நின்ற புடவை மெதுவாகக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தது.

"அத்தை!"

"நான் ஒண்ணும் தப்பாப் போடல" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது பதில். "உன் புருஷன் போடச் சொன்னான். போட்டேன்."

"அவர் எதுக்குக் காசு போடச் சொல்றாரு?"

தர்மாம்பாள் இப்போது முழுசாக வெளியே வந்தாள். தன் கட்சி பலமானது என்று அவளுக்குத் தெரியும். "நேத்து நீ கேன் எடுக்கப் போயிருந்தியே, அப்ப பேசினான். 'ம்மா, இந்த வெயிலுக்குச் சில்லரை போட்டாதான் மீனு நிக்கும். வெறும் ஃபேனை நம்ப முடியாது. கவிகிட்ட சொன்னா செலவுன்னு வேணாம்பா. நீயே பாத்துப் போட்டுரு'ன்னான். நான் கேட்டேன், எத்தனைடா போடணும்னு. 'ஒண்ணே போதும், ஆனா கொஞ்சம் பெருசாப் போட்டா நல்லது'ன்னான். ஒத்தைக் காசு போட்டா நல்லாவா இருக்கு? பெருசுன்னானேன்னு அஞ்சு ரூபா காசாப் பொறுக்கி, பதினொண்ணு, நீ ஐஸுக்குப் போன நேரம், தலையைச் சுத்திப் போட்டேன். உன் தலையத்தான். நீ இல்ல, உன் போட்டோவ வெச்சு."



கவிப்ரியா போனை எடுத்து, சிங்கப்பூரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, நேத்து அத்தைகிட்ட என்ன போடச் சொன்னீங்க?"

"சில்லர். தண்ணிய குளுர வைக்கிற மிஷினு. ஏன், அதுக்குள்ள வாங்கியாச்சா?" சதீஷின் குரலில் மகிழ்ச்சி பொங்கியது. "மோட்டாரு எத்தனை குதிரை சக்தி?"

"குதிரை இல்லடா" என்றார் நடராசன், போனின் பக்கம் குனிந்து. "பதினொண்ணும் சிங்கம். அசோகச் சக்கரத்தோட."

எழுத்தில் இடையின ர-வுக்கும் வல்லின ற-வுக்கும் நடுவில் இலக்கணம் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. பேச்சில் அந்த வேலி கிடையாது. அதுவும் சிங்கப்பூரிலிருந்து விட்டு விட்டு வரும் வாட்ஸ்அப் பேச்சில் வேலி நட்ட குழிகூடக் கிடையாது. மகன் சில்லரைச் சொன்னான். அம்மா சில்லறையைப் போட்டாள். வரிக்கு வரி உத்தரவின்படியே நடந்திருக்கிறாள். குற்றம் சொல்ல ஆளில்லை.

காதர் மைதீன் நாற்காலியில் உட்கார்ந்து, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக் கொண்டு சிரித்தார். நடராசனும் சிரித்தார். தர்மாம்பாள்கூட "அட என் தெய்வமே" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்காதவள் கவிப்ரியா ஒருத்திதான்.

"அத்தை, அஞ்சு ரூபா காசு பித்தளை. பித்தளைல பாதிக்கு மேல செம்பு."

"செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு டிவியில சொல்றாங்களே?"

"நமக்கு நல்லது. அந்தச் சாமந்திக்கு விஷம்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் சாமந்தியைப் பார்த்தார்கள். அது முஷ்டி மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

*

சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி, கையை உள்ளே விட்டாள் கவிப்ரியா. தன் வீட்டுக்குள் கை வைப்பவள் சோறு போடுகிறவளா என்றெல்லாம் கோமாளி மீன் பார்ப்பதில்லை. பெண் மீன் பாய்ந்து வந்து மணிக்கட்டில் கடித்தது.

"கடிக்குதும்மா!" என்றார் காதர் மைதீன் பதறி.

"கடிக்கட்டும் பாய். வீட்டுக்காரி."

ஒவ்வொன்றாகக் காசு வெளியே வந்து எவர்சில்வர் தட்டில் விழுந்தது. தர்மாம்பாள் தட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு நின்றாள்.

"போயிருமா கவி?"

"சில மணி நேரந்தானே அத்தை கெடந்திருக்கு. பழைய தண்ணில பாதிய எடுத்துட்டுப் புதுசு ஊத்துறேன். கரி போட்டு வடிகட்டுறேன். அப்புறம் அது மனசு." மாமியார் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "அழாதீங்க. எனக்காகத்தானே போட்டீங்க. இந்த வீட்டுல எந்தொட்டிக்குன்னு காசு போட்ட மொத ஆளு நீங்கதான்."

காதர் மைதீன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுலயே இப்படின்னா, என் ஹோட்டல்ல என்ன ஆவும்? கல்யாணப் பார்ட்டி வரும். கோயிலுக்கு வந்தவங்க வருவாங்க. தண்ணிய கண்டா நம்ம ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. ராத்திரிக்குள்ள உண்டியல் ரொம்பிரும்."

"மூடி போட்டுத் தர்றேன், பாய். கண்ணாடி மூடி, பூட்டோட."

"அதான் சரி. மூடியப் போட்டுக் குடுத்துருங்க. மத்ததெல்லாம் இதே மாதிரி. ஃபேனு, பாட்டிலு. செலவு கம்மி."

கவிப்ரியா ஈரக் கையோடு நிமிர்ந்தாள். காலையிலிருந்து ஆர்டருக்கு வழி தேடிக்கொண்டிருந்தவளுக்கு, வழி தானாக வந்து கையில் ஏறியது.

"மூடி போட்டா ஃபேன் எதுல வீசும், பாய்?"

"ஏன், மூடி மேல."

"மூடி மேல வீசினா மூடிதான் குளுரும். தண்ணி ஆவியாப் போனாதான் சூடு போவும். மூடிட்டா உள்ளேயே வேகும். இட்லிக் குண்டான் மாதிரி." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "காசு விழாம இருக்கணும்னா மூடி வேணும். மூடி போட்டா சில்லர் வேணும். சில்லறைக்குப் பயந்தா சில்லர் வாங்கித்தான் ஆகணும், பாய்."

காதர் மைதீன் இதை மனசுக்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். ஓட்டை கிடைக்கவில்லை. ஆகவே விலைக்கு வந்தார்.

"எவ்ளோ ஆவும்?"

அவள் ஒரு தொகை சொன்னாள். சொல்லும்போதே குரல் கொஞ்சம் கீழே போனது. வியாபாரத்தில் அது பெரிய குற்றம்.

"அவ்ளோவா? செம்பு விழுந்து கெட்டுப்போன தொட்டிய காட்டிட்டு இவ்ளோ கேக்குறீங்களேம்மா. பாதிக்குக் குடுங்க. உங்களுக்கும் முதல் ஆர்டரு."

நடராசன் அதுவரை ஒதுங்கி நின்றிருந்தார். மருமகள் தோற்றால் அவருக்கு ஏ.டி.எம். வாடகை. ஜெயித்தால் கரண்டு பில். ஆனால் நாற்பது வருஷம் மண்டியில் உட்கார்ந்தவரின் காதில், தன் வீட்டுச் சரக்கைப் பார்த்து ஒருவன் 'கெட்டுப்போனது' என்றும் 'பாதி விலை' என்றும் ஒரே மூச்சில் சொன்னது விழுந்தபோது, கால் தன்னால் முன்னே வந்துவிட்டது.

"பாய், கையக் குடுங்க."

தோளில் கிடந்த துண்டை உதறிக் காதர் மைதீனின் கை மேல் போட்டார். தன் கையையும் அதற்குள் விட்டார். இருவரும் மாட்டுச் சந்தை பழகியவர்கள். துண்டுக்கு அடியில் விரல் விரலைப் பிடிக்கும்; எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவனுக்குத் தெரிவது இரண்டு முகம் மட்டும்.

"அண்ணே, இது மாடா?"

"மாடு சாணி போடும். இது போடாது. பிடிங்க."

துண்டு நெளிந்தது.

"யா அல்லா!" என்றார் காதர் மைதீன். "வெரல ஒடைக்காதீங்க."

"கடல் தண்ணி மாசா மாசம் வேதாரண்யத்துலேர்ந்து வருது பாய். அடக்க விலை லாரி வாடகையோட எனக்குத் தெரியும். உங்களுக்கு வேற யாரு தருவா?"

"மாமா" என்றாள் கவிப்ரியா. "என் தொட்டி. விலை எனக்குத் தெரியணும். நான் சொன்னதுக்கு ஒரு விரல் கொறஞ்சாலும் தர மாட்டேன்."

"நீ சொன்னதுக்குக் கீழயா?" நடராசன் திரும்பாமலே சொன்னார். "நீ சொன்னதுக்கு மேலதான்மா ஆரம்பிச்சேன். சும்மா இரு, எறக்கி விட்றாத."

துண்டு ஒரு தரம் விம்மியது, ஒரு தரம் அடங்கியது. காதர் மைதீன் கையை உருவிக்கொண்டார்.

"மோரைக் குடுங்க தங்கச்சி" என்றார் தர்மாம்பாளைப் பார்த்து. "இனிமே குடிக்கலாம்."

அட்வான்ஸ் கட்டு தோல் பையிலிருந்து வந்தது. ஆனால் அதைக் கவிப்ரியாவின் கையில் கொடுக்காமல் நடராசனிடம் கொடுத்தார்.

"இது உங்க கையில இருக்கட்டும் அண்ணே. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவேன். அந்தப் பூ விரிஞ்சிருந்தா பணத்தை மருமககிட்ட குடுங்க. விரியலைன்னா எனக்குத் திருப்பிக் குடுங்க. எளவு விழுந்த தொட்டிய பாத்துட்டு நான் ஹோட்டல் திறக்க முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்கம்மா."

"நெனக்கல பாய். நியாயந்தான்" என்றாள் கவிப்ரியா.

கார் தெரு திரும்பியதும் அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "எவ்ளோ மாமா?"

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல ரெண்டு பர்சன்ட் எனக்கு."

"மாமா!"

"மண்டி வழக்கம்மா. மருமகளுக்குன்னு தனி ரேட்டு கிடையாது." சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "ஹலோ, ஏ.டி.எம். சாரா? நடராசன் பேசறேன். அந்த நிலை ரெண்டு விரக்கட இடிக்குது சார். ஒரு வாரம் பொறுங்க, பாப்போம்."

*

தண்ணீர் மாற்றத் தொடங்கும் முன், காசு ஒன்றும் பாக்கியில்லை என்று தெரிய வேண்டியிருந்தது.

"பத்துதான் இருக்கு அத்தை."

"பதினொண்ணு. எண்ணித்தான் போட்டேன்."

கல்லைத் தூக்கி அடியில் துழாவினாள் கவிப்ரியா. பதினொன்றாவது அகப்பட்டது. தட்டில் போட்டாள். கணக்கு சரி. கையை எடுக்கப் போனபோது, மணலுக்குள் இன்னொன்று விரலில் தட்டியது.

எடுத்தாள். பத்து ரூபாய்க் காசு. வெளிவளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை என்று ஞாபகத்தில் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. மற்றபடி அது பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. ஓரத்தில் ஏதோ குட்டிப் புழு, வெள்ளைச் சுண்ணாம்பில் சுருட்டிச் சுருட்டி ஒரு வீடு கட்ட ஆரம்பித்திருந்தது.

"அத்தை, பத்து ரூபா காசும் போட்டீங்களா?"

"நானா? பத்து ரூபா காசை பஸ்ஸுல நீட்டினாலே கண்டக்டரு மொறைக்கிறான். வேண்டிக்கிறதுக்கா போடுவேன்? எல்லாம் அஞ்சு ரூபா."

இது இன்றைக்கு விழுந்த காசு இல்லை; ஒற்றைக் காசு என்பதால் சாமந்தி இதுவரை பொறுத்திருக்கிறது. இவ்வளவு பாசி பிடிக்க, புழு மனை பார்த்துக் குடிவர, ஒரு மாதமாவது ஆகியிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் மூன்றே பேர். ஒருத்தி போடவே இல்லை. இன்னொருத்தி போட்டதை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

இரண்டு பெண்களும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

நடராசன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? தப்பா எண்ணியிருப்பீங்க. விடுங்க."

கல்லாவில் ஒரு ரூபாய் உதைத்தால் கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு விடாத மனிதர், மனைவியின் செருப்பில் கால் நுழைத்து, அது தன்னுடையது இல்லை என்று கண்டு மாற்றிக்கொண்டு, நடு மத்தியான வெயிலில் மண்டிக்குக் கிளம்பிவிட்டார். தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை.

தர்மாம்பாள் தட்டைப் பார்த்தாள். கவிப்ரியா சாமந்தியைப் பார்த்தாள். அது இன்னும் மடங்கித்தான் இருந்தது. தட்டில் கணக்கு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தது.

போட்டது ஐம்பத்தைந்து ரூபாய்.

எடுத்தது அறுபத்தைந்து ரூபாய்.

பாக்கி, யாருடையதோ, ஒரு வேண்டுதல்.